நிரல் துணுக்குகளும் தமிழ் நெடுங்கணக்கும்

ஒரு துறையிற் பயின்றோர், தமக்கு அடிக்கடி வேண்டப்படும் சிறு வழிகளைப் பெருநூல்களிற் தேடிக் காலங்கழியாமல், தனியே குறித்துவைத்துக்கொள்ளுதல் பண்டுதொட்டு வரும் வழக்கமாகும். வைத்தியர் கைமுறை எழுதிவைத்தனர். கணக்கர் வாய்பாடு எழுதிவைத்தனர். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோரிடத்தும் இவ்வழக்கம் உண்டு. இரண்டு எண்களை இடம்மாற்றுதல், ஓராண்டு நெட்டாண்டா என அறிதல், ஒரு சொல்லைக் கடைசியெழுத்து முதலாகத் திருப்பி எழுதுதல் என்றின்னோரன்ன செயல்களை ஓரிரு வரிகளில் முடித்துத்தரும் கட்டளைத் தொகுதி நிரல் துணுக்கு எனப்படும். இவற்றுட் சில பயன்கருதியன. சில விளையாட்டுக் கருதியன. பெரும்பாலான இரண்டுக்கும் இடைப்பட்டன. ஒரே செயலைப் பல நிரல் மொழிகளில் எழுதி அடுக்கிப் பார்ப்பதில் இன்பங் காண்போரும் பலர்.

தமிழருக்கு இது புதிதன்று. காரி நாயனார் செய்த கணக்கதிகாரம் இத்தகையதொரு தொகுப்பேயாம். வட்டத்தின் சுற்றளவிற் பாதியையும் விட்டத்திற் பாதியையும் பெருக்கினாற் பரப்பு வரும் என்பதை அந்நூல் மனனஞ் செய்தற்கேற்ற செய்யுளாகக் கூறுகின்றது. அவ்விதி எவ்வட்டத்துக்கும் பிழையாது பொருந்தும். பலாப்பழத்தைக் கீறாமலே சுளைகளை எண்ணுதற்கும் அந்நூலில் வழியுண்டு: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தல் வேண்டும். முட்கள் 100 எனின் சுளைகள் 120 என்றாகும். இஃது எல்லாப் பழத்துக்கும் பொருந்துமென்று பலாச் சந்தையில் எவரும் பந்தயங் கட்டார். ஆயினும் வட்டமும் பலாவும் ஒரே தொகுப்பில், ஒரே வகைச் செய்யுளில், ஒரே உறுதியோடு கூறப்பட்டுள்ளன. துணுக்குத் தொகுப்புகளின் இனிமையும் இடரும் இதனுள் அடங்கும். எது என்றும் பொருந்துவது, எது சிற்சில இடங்களில் மட்டும் பொருந்துவது என்பதைத் துணுக்குத் தானாகச் சொல்லுவதில்லை.

கணினியுலகிற் பெயர்பெற்ற பழந்தொகுப்பு, 1972ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துச் செயற்கை மதிநுட்ப ஆய்வுகூடம் 239ஆம் குறிப்பாக வெளியிட்ட ‘ஹக்மெம்’ என்பது. பீலர், கொஸ்பர், ஷ்ரோப்பல் என்போர் அதனைத் தொகுத்தனர். எண் கணிதப் புதிர்களும், சதுரங்கம் முதலிய விளையாட்டுகள் பற்றிய குறிப்புகளும், கணினிக் கட்டளைகளைச் சுருக்கும் சூழ்ச்சிகளும் அதில் விரவிக் கிடக்கின்றன. அப்பெயரே ஒரு துணுக்குத்தான். அக்காலத்து அவ்வாய்வுகூடத்திலிருந்த கணினி ஒரே வீச்சிற் கையாளும் அளவு 36 பிற்றுகள். எழுத்தொன்றுக்கு ஆறு பிற்றுகளாக ஆறு எழுத்துகளே அதில் அடங்கும். அதனால் நீண்ட பெயர் ஆறு உரோமன் எழுத்துகளாகக் குறுகியது. அத்தொகுப்பிலுள்ள புகழ்வாய்ந்த சூழ்ச்சி ஒன்று, ஓர் எண்ணின் இருமவடிவத்தில் எத்தனை ஒன்றுகள் உள என எண்ணுவது. அதுவும் 36 பிற்று என்னும் அளவை நம்பியே எழுதப்பட்டது. அதை இக்காலத்து 64 பிற்றுக் கணினியில் அவ்வாறே பெயர்த்தெழுதினாற் பிழைபடும்.

சொல்லாமல் விடப்பட்ட நிபந்தனை எத்துணை எளிய துணுக்கிலும் ஒளிந்திருத்தல் கூடும். ஒரு குவளையிற் பாலும் மற்றொன்றில் மோரும் இருப்ப, அவற்றை இடம்மாற்ற மூன்றாவது குவளை வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. எண்களாயின் மூன்றாவது வேண்டாம் என்று காட்டும் விளையாட்டு ஒன்றுண்டு. முதலிடத்தில் 5உம் இரண்டாமிடத்தில் 3உம் இருப்பதாகக் கொள்க. முதலிடத்தில் இரண்டின் கூட்டுத்தொகையாகிய 8ஐ இடுக. அதிலிருந்து இரண்டாமிடத்து 3ஐக் கழித்து வரும் 5ஐ இரண்டாமிடத்தில் இடுக. பின் 8இலிருந்து அந்த 5ஐக் கழித்து வரும் 3ஐ முதலிடத்தில் இடுக. எண்கள் இடம்மாறிவிட்டன. இதனை முதன்முறை காணும் மாணவர் வியப்பர். ஆயின் ‘முதலிடம்’, ‘இரண்டாமிடம்’ என்னும் இரு பெயர்களும் நினைவகத்தில் ஒரே இடத்தைக் குறித்துவிடின் கழித்தலின் விளைவாக அங்கே பூச்சியமே எஞ்சும். இருந்த எண்ணும் அழிந்துபோம். பைதன் மொழியில் இவ்விளையாட்டுக்கே இடமில்லை. இரு பெயர்களையும் இடம்மாற்றி ஒரே வரியில் எழுதினாற் போதும். ஒரு மொழியிற் சூழ்ச்சியாயிருப்பது மற்றொரு மொழியில் இயல்பான தொடராயிருத்தலைப் பலமொழித் தொகுப்பிலேதான் காணலாம்.

விளையாட்டுத் துணுக்குகளுள் தலையாயது தன்னைத்தானே அச்சிடும் நிரல். அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் என்பாரின் பெயரால் ஹொஃப்ஸ்ராற்றர் என்னும் ஆசிரியர் 1979ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இதன் உத்திக்குப் பெயரிட்டார். அதுமுதல் இத்தகைய நிரல்கள் ‘குவைன்’ என்றே வழங்கும். அதன் நுட்பத்தைத் தமிழிலும் காட்டலாம். கீழுள்ள தொடரை முதலில் அவ்வாறே எழுதிப் பின்னர் மேற்கோட்குறிக்குள் மீண்டும் எழுதுக: “கீழுள்ள தொடரை முதலில் அவ்வாறே எழுதிப் பின்னர் மேற்கோட்குறிக்குள் மீண்டும் எழுதுக:” இக்கட்டளையை ஒருவர் தாளில் நிறைவேற்றினால் அவர் எழுதி முடிப்பது இக்கட்டளையையே. 1984 முதல் நடைபெற்றுவரும், விளங்காதவாறு ‘சீ’ மொழி எழுதும் போட்டியில், 1994ஆம் ஆண்டு ஓரெழுத்தும் இல்லாத வெற்றுக் கோப்பு ஒன்று உலகின் மிகச் சிறிய குவைன் என்று அனுப்பப்பட்டுப் பரிசும் பெற்றது. ஒன்றும் இல்லாதது ஒன்றையும் அச்சிடாமையின் அது தன்னையே அச்சிட்டதாம்! விதிகளை மிக மோசமாகத் துர்ப்பிரயோகஞ் செய்தமைக்கான பரிசு அது.

பலமொழித் தொகுப்புகளுட் பெரியது 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘றொசெற்றா கோட்’. ஒரே பணியைப் பற்பல நிரல் மொழிகளில் எழுதி ஒருங்கே வைப்பது அதன் நோக்கம். எகிப்து நாட்டு றொசெற்றாக் கல்லிலே ஒரே ஆணை மூன்று எழுத்து வடிவங்களிற் பொறிக்கப்பட்டமையின் அப்பெயர் இடப்பட்டது. கொழும்பு தேசிய நூதனசாலைக்குச் செல்வோர் அதனோடு ஒப்பிடத்தக்கதொரு கல்லைக் காணலாம். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலத்தது. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியும் அதில் உள. ஆயின் மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்றன்று. காணிக்கைச் செய்தி ஒருவாறு ஒத்திருப்பினும், சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இசுலாமியரின் இறைவனையும் போற்றுகின்றன. மொழி மாறியபொழுது யாரை விளித்தல் வேண்டும் என்பதும் மாறும் என்பதை அக்கல்லை வெட்டுவித்தோர் அறிந்திருந்தனர். நிரல் துணுக்கைப் பெயர்ப்போர் இதனை எப்பொழுதும் அறிந்திருக்கின்றனர் எனல் இயலாது. ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட துணுக்குத் தமிழெழுத்தை எதிர்கொள்ளும்போது என்ன நிகழ்கின்றது என்பதை நோக்கின் இது விளங்கும்.

கொழும்பிலே தமிழர் செறிந்து வாழும் இரு பகுதிகளின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளவத்தை என்பதில் எழுத்துகள் எத்தனை? வெ, ள், ள, வ, த், தை என ஆறு. கொட்டாஞ்சேனை என்பதில்? கொ, ட், டா, ஞ், சே, னை என அதுவும் ஆறு. கீழ்வகுப்புப் பிள்ளையும் விரல்மடக்கி இதனைச் சொல்லும். சொல்லின் நீளங் கூறும் ஒற்றைவரித் துணுக்கைப் பைதன் மொழியில் இயக்கின், வெள்ளவத்தைக்கு 10 என்றும் கொட்டாஞ்சேனைக்கு 12 என்றும் விடைவரும். யாவாஸ்கிரிப்ற் மொழியும் அவ்வாறே கூறும். ‘கோ’ மொழியின் நீளக்கட்டளை 30 என்றும் 36 என்றும் கூறும். சுவிஃப்ற், இறாக்கு என்னும் மொழிகளோ இரண்டுக்கும் ஆறு என்றே விடைதரும். கேள்வி ஒன்று, துணுக்கும் ஏறத்தாழ ஒன்று, விடைகள் மூன்று.

காரணம் இது. யூனிக்கோட் எனப்படும் ஒருங்குறியில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண்ணும், அதனையடுத்து வரும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ மற்றொரு குறியெண்ணும் உள. ஆகவே ‘வெ’ என்பது வகரமும் எகரக் குறியுமாக இரண்டு. ‘ள்’ என்பது ளகரமும் புள்ளியுமாக இரண்டு. ‘ள’ என்பது ஒன்று. பைதன் எண்ணுவது இக்குறியெண்களை. யூ.ரி.எஃப். 8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைற்றுகளாகச் சேமிக்கப்படும்; ‘கோ’ மொழி எண்ணுவது அப்பைற்றுகளை. இதிலே இலக்கணம் பயின்றோர்க்கு ஒரு வேடிக்கை உண்டு. தமிழிலக்கணப்படி ‘ள்’ தனியெழுத்து. அதனோடு அகரஞ் சேர்ந்து பிறப்பதே ‘ள’. கணினியிலோ ‘ள’ தனித்தது, ‘ள்’ கூட்டுப்பொருள். தொல்காப்பியர் ஒன்றெனக் கொண்டதைக் குறியீட்டாளர் இரண்டாக்கி, அவர் இரண்டன் சேர்க்கையெனக் கொண்டதை ஒன்றாக்கிவிட்டனர். வரிவடிவை நோக்க இம்முறை பொருந்துவதே. ஒலிவடிவைக் கருதுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மேலும் ‘கொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரு குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆயின் இரண்டாம் வகையில் எழுதிய கொட்டாஞ்சேனையின் நீளம் 13. முதல்வகையில் எழுதியதோடு அதனை ஒப்பிடின் கணினி ‘ஒவ்வா’ என்று கூறும்.

எண்ணிக்கை பிழைத்தல் சிறிதே; திருப்புதல் பிழைக்கும்போது சொல்லே சிதைந்துபோகின்றது. ஒரு சொல் இருபுறமிருந்தும் ஒன்றேபோல் வாசிக்கப்படுமா எனச் சோதிக்கும் துணுக்கு எல்லாத் தொகுப்புகளிலும் இடம்பெறுவது. தமிழில் அதற்கு யாவரும் காட்டும் சொல் விகடகவி. இலங்கைத் தமிழருக்கு நாள்தோறும் கையாளும் சொல்லொன்றும் உண்டு. தமிழகத்தார் தேதி என்பதை இங்குள்ளோர் திகதி என்பர். தி, க, தி என அஃதும் இருபுறமும் ஒத்தது. பொதுவான துணுக்கு இவ்விரண்டையும் ‘ஒவ்வாது’ என்று தள்ளிவிடும். திகதி என்பதன் குறியெண்கள் தகரம், இகரக்குறி, ககரம், தகரம், இகரக்குறி என்பன. அவற்றைப் பின்னிருந்து அடுக்கின், பற்றுதற்கு மெய்யில்லாத ஓர் இகரக்குறி முன்னே நிற்க, ‘தகித’ என்பது பின்னே வரும். ‘கடக’ என்பதைக் கொடுத்தாலோ துணுக்கு ‘ஒக்கும்’ என்று சரியாகவே சொல்லும். அதில் உயிர்க்குறியும் புள்ளியும் இல்லாமையே காரணம். சோதனைக்கு அச்சொல்லைத் தேர்ந்தவர் தம் துணுக்குத் தமிழும் அறியும் என்று நம்பிவிடுவார்.

மாலைமாற்று என்பது தண்டியலங்காரஞ் சொல்லணியியலிற் கூறும் சித்திரகவிகளுள் ஒன்று. திருஞானசம்பந்தர் சீகாழிமீது அருளிய மாலைமாற்றுப் பதிகம் மூன்றாந் திருமுறையில் உளது. வரிவரியாக இருபுறமும் ஒத்துச்செல்லும் அப்பதிகம் இத்துணுக்குகளுக்கு மிகச் சிறந்த உரைகல்லாகும். அங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டப்படும். பொருள் விளங்குதற்பொருட்டுப் பதம்பிரித்து அச்சிட்ட பதிப்புகளில் எழுத்துகள் புணர்ச்சி கெட்டு மாறியிருக்கும். அப்பாடத்தைக் கொடுத்தாற் சரியான துணுக்கும் ‘ஒவ்வாது’ என்றே கூறும். ஈண்டுப் பிழை கணினியினதன்று.

றொசெற்றா கோட் தொகுப்பில், சொல்லைத் திருப்பும் பணிக்கு மேலதிகச் சிறப்பாக, எழுத்தோடு இணையும் குறிகள் பிரியாதவாறு திருப்புக என்றும் கூறப்பட்டுளது. இது நன்றே. ஆயின் அதற்கெனப் பைதன் மொழியில் வழங்கும் ஒரு வழி, ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒருங்குறி வகுத்துள்ள ‘இணைப்பு வகுப்பு’ எண்ணை நோக்கி, அது பூச்சியமல்லாதவற்றையே குறியென்று கொள்கின்றது. தமிழ்ப் புள்ளிக்கு அவ்வெண் 9. தமிழ் உயிர்க்குறிகளுக்கோ பூச்சியம்! எனவே அத்துணுக்குக் கப்பல் என்பதைச் செவ்வனே திருப்பும். திகதி என்பதை முன்போலவே சிதைக்கும். பாதி சரியான துணுக்கு முழுதும் பிழையானதினும் இடர்மிக்கது. பிழை நெடுநாள் வெளிப்படாது கிடக்கும். இணைப்பு வகுப்பை விடுத்துப் பொது வகையை நோக்கினால், உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்கே ‘குறி’ என்னும் வகையுள் அடங்குதல் காணலாம். அவ்வாறு மாற்றியெழுதின் திகதியும் விகடகவியும் தேறும்.

இவையெல்லாம் சொல்விளையாட்டு என்று ஒதுக்குவார்க்கு, பெயரின் முதலெழுத்தைப் பற்றிக் கூறினாற் போதும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன்னே இடுதல் தமிழர் வழக்கு. முதலெழுத்தை எடுத்துத்தருந் துணுக்குப் பெரும்பாலும் முதற் குறியெண்ணையே எடுக்கின்றது. கந்தையாவின் மகனுக்கு அதனாற் கேடில்லை. ‘க’ சரியாகவே வரும். செல்லையாவின் மகளுக்குச் ‘செ’ வருதற்குப் பதிலாகச் ‘ச’ வரும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பெயரை அத்துணுக்கிடம் கொடுத்தால் அவர் ‘ப. இராமநாதன்’ ஆகிவிடுவார். (அவரைப் ‘பொன். இராமநாதன்’ என்று ஈரெழுத்தாற் சுருக்கும் வழக்கை எத்துணுக்கும் அறியாது. அது வேறு கதை.) பாடசாலைப் பதிவேட்டிலும் பரீட்சைச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் முதலெழுத்து ஒவ்வாவிடின் ஒருவர் தாம் தாமே என நிறுவ அலையவேண்டியிருக்கும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றில் உரோமன் எழுத்துகள் 160 அடங்க, தமிழ்க் குறியெண்கள் 70 மட்டுமே அடங்கும். கொட்டாஞ்சேனை என்னும் ஒரு பெயரே அவற்றுட் பன்னிரண்டை எடுத்துக்கொள்ளும். எழுபதோடு வெட்டும் துணுக்கு உயிர்க்குறியை வெட்டிவிடின் ‘கொ’ என்பது ‘க’ என நின்றுவிடும்.

அகரவரிசையிலும் இவ்வாறே. குறியெண் வரிசைப்படி பகல் முன்னும் பக்கம் பின்னும் வரும். தமிழ் அகராதியிற் பக்கமே முன்னது. றகரமும் னகரமும் நெடுங்கணக்கின் ஈற்றில் நிற்கவேண்டியவை. குறியெண் வரிசையில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் நிற்கின்றன.

இக்குறைகளுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. எழுத்துக் கொத்துகளை வரையறுக்கும் பொதுவிதி ஒன்றை ஒருங்குறி அமைப்பினர் வகுத்துள்ளனர். சுவிஃப்ற், இறாக்கு, எலிக்சர் ஆகிய மொழிகள் அதனை இயல்பாகவே கைக்கொள்ளுகின்றன. பேள், உரூபி, யாவாஸ்கிரிப்ற் மொழிகளில் அதற்குத் தனிக் கட்டளைகள் உள. கூட்டெழுத்தாகிய க்ஷகரத்தை மட்டும் அவ்விதி இரண்டாகவே பிரிக்கும். பைதன் மொழிக்கு ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுதி உண்டு. சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரித்தல், திருப்புதல், உயிரும் மெய்யுமாகப் பகுத்தல் ஆகியவற்றுக்கு அதில் ஆயத்தமான துணுக்குகள் உள. அதனை ஆக்கியோருள் ஒருவரான முத்து அண்ணாமலை, ‘எழில்’ என்னும் தமிழ் நிரல் மொழியையும் உருவாக்கி 2009இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். பதிப்பி “வணக்கம்” என்பது அம்மொழியின் முதற் பாடம். ஆங்கில வழி மொழிகளில் நிபந்தனைக்கு முன்னே வருஞ் சொல், எழிலில் ‘ஆனால்’ என நிபந்தனைக்குப் பின்னே வருகின்றது. தமிழ்த் தொடரின் நடை அதுவாதலின் இம்மாற்றம் பாராட்டத்தக்கது.

கொழும்பிலே பிறந்த நிரல் மொழியொன்றும் உண்டு. 2005ஆம் ஆண்டு தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ. 2 என்னும் நிறுவனத்தார் 2017இல் வெளியிட்ட ‘பலரீனா’ என்பது அது. இணையவழிச் சேவைகளை ஒன்றோடொன்று இணைத்தற்பொருட்டு வகுக்கப்பட்ட அம்மொழியை, இலக்கண விளக்கத்தாலன்றிச் சிறு சிறு எடுத்துக்காட்டுகளாலேயே பயிலுமாறு அவர்கள் தொகுத்து வைத்துள்ளனர். எழுதிய நிரலைப் படமாகவும் காணலாம். அம்மொழியிலும் சொல்லின் நீளம் குறியெண்களாலேயே அளக்கப்படுகின்றது. ஆகவே கொழும்பிற் பிறந்த மொழியும் வெள்ளவத்தைக்குப் பத்தென்றே விடைசொல்லும். அது மொழியின் குற்றமன்று. குறியெண்ணை எண்ணுவேன் என்று அது வெளிப்படையாகவே கூறுகின்றது. கேட்டவர் எழுத்தை எண்ணக் கருதினார், பிணக்கு அங்கேதான்.

ஆதலின் துணுக்குத் தொகுக்கும் மாணவர், நிரலை எழுதுவதோடு அமையாது, அதன் அருகிலே அஃது எதனை எழுத்தென்று கொள்கின்றது, எந்த மொழியின் எந்தப் பதிப்பிற் சோதிக்கப்பட்டது, எச்சொல்லுக்குப் பிழைத்தது என்பவற்றையும் குறித்தல் வேண்டும். இவற்றுட் கடைசியது பெரும்பாலான தொகுப்புகளில் இல்லை. மும்மொழி வழங்கும் கொழும்பில் எழுதப்படும் நிரல், தமிழோடு சிங்களத்தையும் சந்திக்கும். சிங்களத்திலே ‘ஸ்ரீ’ என்பதை எழுதுங்கால் இடையே கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக் குறியெண் ஒன்று நிற்கின்றது. புலனாகாதவற்றையெல்லாம் நீக்கித் துப்புரவு செய்யுந் துணுக்கு அதனையும் நீக்கிவிட, எழுத்துப் பிரிந்துபோகும். தமிழில் அதே ‘ஸ்ரீ’, ஸகரத்தைக் கொண்டும் எழுதப்படும். 2005ஆம் ஆண்டு ஒருங்குறியிற் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டும் எழுதப்படும். திரையில் இரண்டும் ஒரே உருவாய்த் தோன்றும். ஒருவகையில் எழுதிய பெயரை மற்றொரு வகையில் எழுதித் தேடின் கிடையாது. ஒகரத்தின் இருவகையையும் ஒன்றாக்கும் பொதுத் துணுக்கு இங்கே உதவாது. இதற்கெனத் தனியே ஒரு வரி சேர்த்தல் வேண்டும்.

சோதனைச் சொற்களாகக் கடக, கப்பல், திகதி என்னும் மூன்றையும், கொட்டாஞ்சேனையை இருவகையாக எழுதியும், ஸ்ரீயை இருவகையாக எழுதியும், மாலைமாற்றுப் பதிகத்திற் பதம்பிரியாத ஒரு வரியையும் தொகுப்பின் முதற்பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய துணுக்கு ஒவ்வொன்றையும் அவற்றின்மேல் இயக்கிப் பார்த்தற்குச் சில நிமிடங்களே ஆகும். கடக என்பதில் தேறிக் கப்பலில் விழுவன பல. கப்பலில் தேறித் திகதியில் விழுவன சில.